வகுப்பில் பழகிய சொல்

அப்பாவின் நெற்றியில் திருமண் பாதியில் நின்றுபோன அந்தக் காலை இன்னும் கண்ணில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன் அவர் உட்கார்ந்திருந்தார். கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் அவரும் ஒருவர். அன்றைய பெருமாள் புறப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் சமயங்களைப் பாடமாக எடுத்து எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கள ஆய்வுக்காக நானும் அந்தப் புறப்பாட்டைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. அவசரத்தில் கேட்டுவிட்டேன்: "அப்பா, சிலை எத்தனை மணிக்கு வெளியில வரும்?"

எங்கள் வீட்டில் பெருமாள் எழுந்தருளுவார், அமுது செய்வார், கண்வளர்வார். சிலை என்று ஒருவரும் சொன்னதில்லை. கல்லூரியிலோ நேர்மாறு. 'பெருமாள் எழுந்தருளினார்' என்று எழுதினால் பேராசிரியர் அடித்துவிட்டு, "நீங்க சேவிக்க வரலைங்க, ஆராய வந்திருக்கீங்க" என்பார். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே நாக்கை மாற்றிக்கொள்ளப் பழகியிருந்தேன். அன்று வீட்டுக்குள் அது மாறவில்லை.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மீதித் திருமண்ணை இட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். பெண்ணுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று கேட்ட உறவினர்களிடம் எனக்காக வாதாடியவர் அவர் ஒருவர்தான். அவரே வேண்டாம் என்றால் என் படிப்பு அத்தோடு சரி. அன்று நான் கோயிலுக்கும் போகவில்லை, கல்லூரிக்கும் போகவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றேன்.

மத்தியானம் திரும்பி வந்தவர் கால் அலம்பிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"படிப்பை நிறுத்தச் சொல்லிடாதேப்பா" என்றேன்.

"நிறுத்தச் சொல்லலை. நன்னா படி. ஆனா அந்த வார்த்தையை மட்டும் என் காதுல போடாதே. பெருமாள் எழுந்தருளினார், நிமிர்ந்து பார்த்தேன். ஒரு க்ஷணம் நீ சொன்னதுதான்டி எனக்குத் தெரிஞ்சுது. பயமாயிருக்கு."

இப்போது அந்தப் பாடத்தை நானே ஒரு கல்லூரியில் நடத்துகிறேன். அப்பாவுக்குத் தள்ளாமை வந்துவிட்டது. விசேஷ நாட்களில் நான்தான் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். அன்று அவர் கண்ணுக்குச் சிலையாகத் தெரிந்தது அந்த ஒரு கணத்தோடு போயிற்றா என்று அவரிடம் கேட்டதே இல்லை. கேட்க எனக்குப் பயம். பெருமாள் வெளியே எழுந்தருளும்போது கூட்டம் முழுவதும் கைகூப்பி அவரைப் பார்க்கிறது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.