இடப்பக்கக் கண்ணாடி

வேம்புலி அண்ணன் எந்த நாற்காலியிலிருந்தும் சட்டென்று எழுந்துவிட மாட்டார். முதலில் முதுகு நிமிரும். கண் வலது மேல் மூலைக்குப் போய் வரும். பிறகு கழுத்து முழுவதுமாக இடப்பக்கம் திரும்பி அங்கே ஓர் இமைப்பு நேரம் நிற்கும். யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை, ஓரமாக எதுவும் நுழையவில்லை என்று உறுதியானால் இடக்கை தொடைக்குப் பக்கத்தில் காற்றை லேசாக முன்னே தள்ளும். அதற்குப் பிறகுதான் உடம்பு எழும். டீக்கடை ஸ்டூலிலும் இப்படித்தான், கல்யாணப் பந்தியிலும் இப்படித்தான். பந்தியில் அவர் எழுந்து முடிக்கும்வரை அடுத்த இலைக்காரர் பொறுமையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐயப்பன்தாங்கலில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு வரும் கோளாறுகளைப் பார்ப்பது என் வேலை. அவர் மாநகரப் பேருந்து ஓட்டியவர். குளுக்கோமா என்கிற கண் நோய் அவர் பார்வையை ஓரங்களிலிருந்து உள்நோக்கி அரித்துக்கொண்டு வந்தது. நேரே இருப்பது தெளிவாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது, அதிலும் இடப்பக்கம், இல்லாமலே போய்விடும். சொட்டு மருந்து நோயை மெதுவாக்கும், போன பார்வையைத் திருப்பித் தராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் ரிப்போர்ட்டை வைத்து ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, டிப்போவுக்குள் உட்காரும் வேலை கொடுத்திருந்தார்கள்.

"அங்க உக்காந்துகினு மத்தவன் வண்டி எடுக்கறத பாக்கறாரு. ஊட்டுக்கு வந்தா என்னிய அப்டியே பாக்கறாரு, நானும் ஷெட்டுல நிக்கற வண்டி மாதிரி," என்றார் அவர் மனைவி கஸ்தூரி அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்ன பிறகு முந்தானையில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பையன் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு. பஸ்ஸுக்கு நம்மூர் வண்டியின் சிவப்பு நிறத்தையும் தமிழ்ப் பலகையையும் மாட்டியிருந்தான். கீழேயிருந்து ஏறி வந்த அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"ஊரு வேற ஊரு. ஆனா வண்டி நம்ம வண்டி மாதிரியே கீது," என்றார். "இத யாரு வேணா ஓட்டலாமா?"

"ஓட்டலாம்ணே."

"கண்ணு டெஸ்ட்டு?"

"அதெல்லாம் இல்லண்ணே."

அன்றைக்கே என் பழைய லேப்டாப்பில் அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், நிமிர்ந்தார். திரையின் வலது மேல் மூலையைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி இடது மூலையைப் பார்த்தார். கண்ணாடி இருக்க வேண்டிய இடம் இரண்டும் கறுப்பாக இருந்தன.

"இன்னா தம்பி, கண்ணாடில ஒண்ணியும் காணோம்?"

"அதை நிறுத்தி வெச்சாதான் இந்த லேப்டாப்ல வண்டியே நகரும்ணே. முன்னால ரோடு தெரியுது இல்ல, ஓட்டுங்க."

"கண்ணாடி இல்லாத வண்டிய டிப்போ கேட்டுக்கு வெளிய எடுக்க மாட்டேன்."

"விளையாட்டுதானேண்ணே."

"வெளயாட்டுன்னா பின்னால வர்றவன் வரமாட்டானா?" என்று கேட்டார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், எழுந்தார்.

அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு இப்படிச் சொன்னேன். கண்ணாடி நமக்குச் சும்மா ஒரு கண்ணாடி. கம்ப்யூட்டருக்கு அது இன்னொரு சாலை. முன்னால் போகும் ரோட்டை வரைந்த கையோடு, வலப்பக்கக் கண்ணாடிக்காகப் பின்னால் இருக்கும் ரோட்டை ஒரு தடவை, இடப்பக்கத்துக்காக இன்னொரு தடவை, கண் சிமிட்டும் நேரத்துக்குள் பல முறை வரைய வேண்டும். அந்த வரைகிற வேலைக்கென்று தனியாக இருப்பதுதான் கிராபிக்ஸ் கார்டு. என் லேப்டாப்பில் அது தனியாகக் கிடையாது.

"அப்ப நான் ஒரு தபா திரும்பிப் பாக்கறதுக்கு அது அவ்ளோ வேல செய்யணும்," என்றார். பிறகு, "அந்தக் கார்டு கீற பொட்டி ஒண்ணு பாத்துக் குடு தம்பி. பழசா இருந்தாலும் பரவால்ல. கண்ணு முழுசா மூடிக்கறதுக்குள்ள ஒரு டிரிப்பு ஓட்டணும். அவ்ளோதான்," என்றார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் மாடிப்படியில் கார்டுகளை ஒப்பிடும் வீடியோக்கள் பார்த்தோம். திரை நடுவில் பிளந்திருக்கும். இந்தப் பாதியில் ஒரு கார்டு, அந்தப் பாதியில் இன்னொரு கார்டு, இரண்டிலும் ஒரே கார் ஒரே வளைவில் திரும்பும். மேலே எண்கள் துடித்துக்கொண்டே இருக்கும். நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதன் கணக்கு அது. எம்எக்ஸ் வகை சின்னது, சூடாகாது, ஆனால் சீக்கிரம் மூச்சு வாங்கும். ஜிடிஎக்ஸ் 1650 அதைவிட நல்ல பலசாலி. ஆர்டிஎக்ஸ் 2050 அதற்குத் தோள் உயரத்தில், சில இடங்களில் ஒரு விரல் கூடுதலாக. இதில் எனக்கே குழப்பமாக இருந்த ஒன்று, ஒரே பெயர் கொண்ட கார்டு ஒரு லேப்டாப்பில் ஓடும், இன்னொன்றில் நடக்கும். உள்ளே எவ்வளவு மின்சாரம் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

"ஸ்பீட் கவர்னர் வெச்சுக் கட்டிப்போட்ட வண்டி மாதிரி," என்றார் அண்ணன். "இன்ஜின் அதே இன்ஜின்தான். ஆக்சிலேட்டர மிதிச்சா போவாது."

"அதேதாண்ணே."

கஸ்தூரி அக்கா துணி காயப்போட வந்தவர் எங்களைத் தாண்டிப் போக இடமில்லாமல் நின்றார். "ரெண்டு பேரும் பொண்ணு போட்டோ பாக்கறா மாதிரி பாக்கறீங்களே. என்னிய பொண்ணு பாக்க வந்தப்போ இந்த மனுசன் தலையே தூக்கல," என்றார்.

"அப்ப கண்ணு நல்லா இருந்திச்சு. பாக்கத் தேவயில்ல," என்றார் அண்ணன். அக்கா ஈரத் துணியால் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தான் டில்லிபாபு. நான் விளையாட்டைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். படியேறும்போது அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கண்ணு விசயம் கடைல சொல்லாத."

டில்லிபாபு மூன்று லேப்டாப்புகளை வரிசையாக வைத்தான். "எத்த வேணா ஓட்டிப் பாரு அண்ணாத்தே. பெட்ரோல் காசு கேக்க மாட்டேன்."

முதலாவதில் தனிக் கார்டு இல்லை. கண்ணாடியைப் போட்டதுமே பஸ் சேற்றில் இறங்கியது போல் ஆனது. "விரல்லயா ஓட்றது? ஆர்மோனியப் பொட்டி மாதிரி கீது," என்றார் அண்ணன்.

இரண்டாவதில் எம்எக்ஸ் 450. ரோடு வந்தது, கண்ணாடிகளும் வந்தன. ஆனால் கண்ணாடிக்குள் இருந்த மோட்டார் சைக்கிள் தூரத்தில் நின்றது. மறுபடி பார்த்தால் பஸ்ஸை ஒட்டி நின்றது. நடுவில் அது வந்த வழியைக் காணவில்லை.

"இப்டி எகிறி எகிறி வந்தா நான் எத்த நம்பி வண்டிய வலிக்கறது?" என்றார்.

"அதான் அண்ணாத்தே மூணாவது. பதினேழு இஞ்ச்சு, 1650. சும்மா வெண்ணெ மாதிரி போவும்," என்றான் டில்லிபாபு.

உண்மையிலேயே அப்படித்தான் போனது. மரங்கள், நிழல், ஈர ரோட்டில் விளக்கு வெளிச்சம் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்குள் ஒரு புள்ளியாகப் பிறந்து, நிதானமாக வளர்ந்து, பஸ்ஸைக் கடந்து போனது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்போதுதான் அண்ணனின் கழுத்தைக் கவனித்தேன். திரை பெரிது. இடப்பக்கக் கண்ணாடி அதன் கடைசி ஓரத்தில் இருந்தது. அதைப் பார்க்க அவர் முகத்தையே திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் எதிரே இருந்த ரோடு அவரிடமிருந்து போய்விட்டது. முகத்தை முன்னுக்குக் கொண்டுவந்தபோது பஸ் ஒரு நிறுத்தத்தின் கம்பத்தில் முட்டி நின்றிருந்தது.

"இன்னா அண்ணாத்தே, ஸ்டாப்பிங்க இடிச்சிட்டு ஸ்டாப் பண்றியே," என்றான் டில்லிபாபு.

அண்ணன் சிரித்தார். இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை.

"நல்லாத்தான் கீது. இன்னொரு நாள் பாத்துக்கலாம் தம்பி. போலாம் வா," என்றார்.

அவர் வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து எழுவதற்குள் எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. இரண்டாவது லேப்டாப்பை என் பக்கம் இழுத்து விளையாட்டின் அமைப்புகளைத் திறந்தேன். திரை முழுவதும் நிரம்பியிருந்த படத்தைச் சுருக்கி, நடுவில் ஒரு தபால் அட்டையைவிடச் சற்றே பெரிதான சதுரமாக்கினேன். சுற்றிலும் கறுப்பு. ரோடும் இரண்டு கண்ணாடிகளும் அந்தச் சதுரத்துக்குள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்து நின்றன.

"அண்ணே, இதை ஒரு தடவை," என்றேன்.

"இன்னா பாஸ், தேட்டர்ல போயி தீப்பெட்டில படம் பாக்கறா மாதிரி," என்றான் டில்லிபாபு.

அண்ணன் உட்கார்ந்தார். பஸ்ஸை எடுத்தார். படம் சிறிதாகிவிட்டதால் வரைய வேண்டியதும் குறைந்துவிட்டது. சற்று முன்பு எகிறி எகிறி வந்த அதே சின்னக் கார்டு இப்போது தடையில்லாமல் வரைந்தது. இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு ஆட்டோ வந்தது, வளர்ந்தது, ஒதுங்கியது. அண்ணனின் கழுத்து அசையவில்லை. கண்கள் மட்டும் மிகச் சிறிய தூரம் போய்ப் போய் வந்தன. நிறுத்தத்தில் ஓரம் கட்டினார். பொம்மை ஜனங்கள் ஏறும்வரை இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். எவரும் சொல்லாமலே வாய்க்குள் "ரைட்டு" என்று சொல்லிக்கொண்டு எடுத்தார்.

கடைசி நிறுத்தம்வரை போனார். டில்லிபாபுவும் நின்று பார்த்தான். பிறகு, "இதுக்கு பெரிய கார்டு எதுக்கு பாஸ், வேஸ்ட்டு. இதயே எடுத்துக்கோ," என்று மூன்றாவதை அவனே மூடி வைத்தான்.

அந்த லேப்டாப் வந்ததிலிருந்து கீழ்வீட்டில் சாயங்காலம் பஸ் ஓடுகிறது. பிறகு ஒரு பழைய ஸ்டியரிங்கும் கிடைத்தது. அதைப் பலகையில் முடுக்கிக் கொடுத்தேன். கஸ்தூரி அக்கா அவருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வார்.

"டிரைவர், ராயப்பேட்ட போவுமா?"

"போவாது. எறங்கு."

"எறங்க மாட்டேன், பாஸ் வெச்சுகினு கீறேன்."

சில மாதங்களுக்கு ஒரு முறை அண்ணன் மாடிப்படியில் பாதி ஏறி நின்று என்னைக் கூப்பிடுவார். "தம்பி, கொஞ்சம் உள்ள தள்ளணும்." நான் போய் அந்தச் சதுரத்தை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கித் தருவேன். எதற்கு என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. சிறிதாக்கும்போதெல்லாம் மேலே துடிக்கும் எண் கூடும். வண்டி முன்பைவிட வழுவழுப்பாக ஓடும். "இப்ப சூப்பரா போவுது," என்பார்.

போன மாதம் போரூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் செல்வகுமார் என்ற கண்டக்டரைப் பார்த்தேன். வேம்புலி அண்ணனோடு பல வருடம் ஒரே வண்டியில் இருந்தவர். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன் என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டாக்டர் அவரை இறக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பார் இல்லையா என்று நான் கேட்டேன்.

"டாக்டரா எறக்கனாரு?" என்றார் செல்வகுமார். "இதே போரூர்கிட்டதான். லெஃப்ட்ல ஒரு பொம்பள ஸ்கூட்டில ஒரசிகினு போச்சு. ஒண்ணும் ஆவல, அதும்பாட்டுக்குப் போயிடுச்சு. வண்டில ஒருத்தனும் கவனிக்கல. இவரு ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. 'செல்வா, அந்த வண்டி எனக்குத் தெர்ல'ன்னாரு. ஜனத்த மொத்தமா எறக்கி, பின்னால வந்த வண்டில ஏத்திவுட்டோம். காலி வண்டில நான் முன்படில நின்னுகினு டிப்போ வரிக்கும் லெஃப்ட்டு சொல்லிகினே வந்தேன். நடக்கறவன் தாண்டிப் போறான், அவ்ளோ ஸ்லோவு. உள்ள வுட்டதும் நேரா மேனேஜர் ரூமுக்குப் போயி, என் கண்ண செக் பண்ணுங்க, நாளைலருந்து எடுக்க மாட்டேன்னு அவரேதான் சொன்னாரு. அதுக்கு அப்பாலதான் டாக்டரு, ரிப்போர்ட்டு எல்லாம்."

டிக்கெட் கேட்டு முன்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார்.

"ஊட்ல மட்டும் டாக்டரு எறக்கிட்டாருன்னு சொல்லிக்கறேன், நீயும் அப்டியே சொல்லுன்னாரு," என்றார். "கஸ்தூரிக்கு இன்னிக்கும் தெரியாது."