பென்சிலில் எழுதிய ‘நீ’

செங்கல்பட்டில் நடந்த மூன்று நாள் பயிற்சியின் இரண்டாம் நாள், காலை பதினொன்று ஐந்துக்கு என் நூலகத்தைப் பாராட்டினார்கள். திரையில் மாவட்டத்தின் கிளை நூலகங்கள் வரிசையாக இருந்தன. பயன்படாத நூல்களை நீக்கி அலமாரியில் இடம் உண்டாக்கியதில் புதுப்பட்டினம் முதலிடம். இருநூற்றுப் பதினொரு நூல்கள். பயிற்சி கொடுத்தவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். கைதட்டினார்கள்.

நான் ஒரு நூலைக்கூட நீக்கியிருக்கவில்லை.

ஆனால் அந்த எண்ணிக்கை எனக்குத் தெரிந்ததுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புயல் மழையில் எங்கள் கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த இருநூற்றுப் பதினொரு நூல்கள் நனைந்தன. நூலகத்துக்கு வருவதற்கு முன் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவராக இருந்தேன். பழைய அலுவலகத்துக்குச் சொல்லி அச்சாகாத காகித உருளையின் மிச்சத்தை வரவழைத்தேன். அதைக் கிழித்து, பக்கத்துக்குப் பக்கம் நடுவில் வைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒன்பது நாள் உலர்த்தினேன். ஒரு நூலையும் கைவிடவில்லை. பதிவேட்டில் அவற்றின் எண்களுக்கு எதிரே பென்சிலால் ‘நீ’ என்று குறித்தேன். நீர் பட்டது, அவ்வப்போது பூஞ்சை பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு அது. ஓரத்தில் ஒற்றை எழுத்தில் குறிப்பு எழுதுவது நாளிதழில் வந்த பழக்கம்.

சென்ற ஆண்டு கணினி வந்தது. வேண்டுமென்று விண்ணப்பம் போட்டுக் கேட்டவள் நான்தான். பதிவேட்டை அதில் ஏற்ற ஒப்பந்தத்தில் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். உள்ளூர்க்காரி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய், விரல்கள் வேகமானவை. மூன்றாம் நாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“மேடம், இன்னா இது? பக்கத்துக்குப் பக்கம் நீ, நீ-ன்னு எய்தி வெச்சிகினு கீறீங்க. யார இப்டித் திட்டுறீங்க?”

“உன்ன இல்லம்மா. போய் வேலையப் பாரு” என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் கேட்டது கேள்வி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கணினியில் ஒவ்வொரு நூலுக்கும் அதன் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருப்பு, இரவல், பழுது, நீக்கம். ‘நீ’யில் தொடங்குவது ஒன்றுதான்.

பயிற்சிக்கு இரண்டு வாரம் முன்பு ஓர் எச்சரிக்கையும் வந்தது. அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து வரும் வாசகர் ஒருவர் நீட்டிய நூலை ஸ்கேனர் ஏற்கவில்லை. திரை சிவந்து, நீளமாக ஒலித்தது. “எங்க பிளான்ட்ல இப்டிச் சத்தம் வந்தா ஓடிருவோம், மேடம். இங்க என்ன செய்யணும்?” என்று கேட்டார். சர்வர் மந்தமாக இருக்கிறது என்று சொல்லி, பழைய முறையில் கையால் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நூல் திரும்பி வந்தது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கணினி பற்றித் தெரியவில்லை என்று சொல்லப் பயம். அப்படிச் சொன்னவர்களை எந்த மூலையில் உட்கார வைத்தார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

கைதட்டல் முடிந்து உட்கார்ந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. அன்று வியாழக்கிழமை. கழிவுத்தாள் எடுக்கும் வண்டி கடற்கரைக் கிளைகளுக்கு வரும் நாள். வழக்கம்போலப் பழைய நாளிதழ்களுக்குத்தான் வருகிறது என்று எண்ணி, இன்னும் எங்களிடமே வேலை பார்த்த அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்: “வண்டி வந்தா சிஸ்டத்துல லிஸ்ட் இருக்கும். பாத்துக் குடுத்துடு.” அந்த லிஸ்டில் இப்போது இருநூற்றுப் பதினொரு நூல்களும் இருக்கும்.

உடனே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. முப்பது வயதுக்காரர்கள் நிறைந்த அறையில், இப்போது கைதட்டியவர்களின் முன்னால், இது என் தவறு என்று சொல்ல வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. முப்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு வராந்தாவிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஆறு முறை. நூலகத்துக்குள் கைப்பேசி ஒலிக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். நனைந்தவற்றில் ஒரு மீன் பெயர்ப் புத்தகம் இருந்தது. பதிவு எண் 3187. பள்ளி ஆசிரியர் ஒருவர் கடலோர ஊர்களில் கேட்டுக் கேட்டுத் தொகுத்து, சொந்தச் செலவில் அச்சிட்டது. மீன் மார்க்கெட்காரர்கள் வந்து அதில் தங்கள் மீனைத் தேடுவார்கள். பேர் தப்பு என்று ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள். வேறு நூலகங்களில் விசாரித்திருக்கிறேன். எங்கும் இன்னொரு பிரதி இல்லை. வழியில் எதிரே மூட்டை ஏற்றிய வண்டி எது வந்தாலும் குனிந்து பார்த்தேன். வைக்கோல். சிமென்ட். தண்ணீர் கேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வாசலில் ஏழு சாக்கு மூட்டைகள். அவற்றைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். போகவில்லை என்று நினைத்தேன்.

“வண்டில எடமில்ல, மேடம். ரெண்டு மூட்ட தான் ஏத்துனான். மீதிய சாய்ந்தரம் வந்து எட்த்துக்கறேன்னான்” என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது. “இன்னா ஆச்சி, மேடம்?”

சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“எப்ப போச்சு?” என்று கேட்டேன்.

“பதினொன்ற இருக்கும். எனுக்கும் ஒரு மாதிரியா தான் இருந்திச்சு, மேடம். நல்ல புக்கெல்லாம் கீதேன்னு. ஏத்தறதுக்கு முன்னாடி போன எட்த்துப் பாத்தேன், நீங்க எதுனா கால் பண்ணீங்களான்னு. ஒண்ணும் இல்ல.”

அவளிடம் வண்டிக்காரரின் எண்ணைக் கேட்டேன்.

அவரைக் கூப்பிட்டேன். “இன்னாம்மா, காலைல தூக்கிக் குட்த்துட்டு இப்ப கேக்குற? மில்லுல கொட்டியாச்சி. மெஷின்ல போயிருக்கும்” என்றார். மில்லுக்கும் பேசினேன். அவர் சொன்னது சரி.

பிறகு நாங்கள் இருவரும் மூட்டைகளைப் பிரித்து நூல்களைத் தரையில் அடுக்கினோம். நான் பதிவேட்டில் ‘நீ’ போட்ட எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் நூல்களுக்கு நடுவில் மண்டியிட்டுத் தேடிச் சொன்னாள். முதலில் “இருக்கு, மேடம்” என்றாள். போகப் போகச் சொல் சுருங்கியது.

“கீது.”

“கீது.”

“இல்ல.”

“கீது.”

3187 வந்தபோது அதைத் தாண்டி அடுத்த எண்ணைப் படித்தேன். பிழை திருத்திய காலத்தில் நான் ஒரு வரியையும் தாண்டியதில்லை. எல்லா எண்களும் முடிந்தன. அவள் நிமிர்ந்தாள்.

“அவ்ளோ தானா, மேடம்?”

“இன்னும் ஒண்ணு” என்று எண்ணைச் சொன்னேன்.

ஒருமுறை தேடினாள். மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு முதுகாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நான் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல, மேடம்.”

நூற்று அறுபத்தெட்டு நூல்கள் இருந்தன. அன்று மாலையே கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து ‘நீக்கம்’ என்பதை ‘இருப்பு’ என்று மாற்றினேன். நாற்பத்து மூன்று எண்களை அப்படியே விட்டேன். அவற்றில் திருத்துவதற்கு ஏதுமில்லை. காலை பதினொன்றரையிலிருந்து, அவற்றைப் பற்றிக் கணினி சொல்வது சரிதான்.