கொல்லைப்புறத்துக் கொடி

எங்கள் குரும்பலூர் வீட்டில் அப்போது இரண்டு துணிக்கொடிகள் இருந்தன. வாசல் கொடியில் என் மகளின் மூத்திரத் துணிகள் ஊரறியக் காயும். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத கொடியில் என் ஓரகத்தியின் துணிகள் காயும். இரண்டுமே பழைய வேட்டியில் கிழித்த துண்டுகள்தாம். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்றே கூப்பிடுவேன்.

இருவரும் ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தோம். இருவருக்கும் தாய் இல்லை. பேறுகாலம் மாமியார் வீட்டில்தான். எனக்குப் பெண் பிறந்தாள். அக்காவுக்கு எட்டாம் மாதத்தில் வயிற்றில் அசைவு நின்றுபோனது. ஒரு பகல் முழுக்க வலியெடுத்துத்தான் அந்தப் பிள்ளையைப் பெற்றாள். முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. எனக்கு வெந்நீர்க் குளியல், பூண்டுக் குழம்பு, வீடு தேடி வரும் நர்சம்மா. பிள்ளையில்லாத உடம்புக்குப் பத்தியம் எதற்கு என்று அத்தை நினைத்துவிட்டார். மார்பில் பால் கட்டிய வலி அடங்குமுன்பே அக்கா மக்காச்சோளக் கொல்லைக்குக் களையெடுக்கப் போனாள்.

அதன் பிறகு இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் புடவை நனைந்தது. அத்தை மூக்கைச் சுளித்து அவள் பாயைத் தனியாகப் போடச் சொன்னார். அக்காவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சித்திரை வெயிலிலும் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தும் அந்த வைத்தியத்தை அவள் விடவில்லை.

என் மகளுக்குச் சிறுவாச்சூர் கோயிலில் காது குத்தினோம். வீறிட்டு அழுத குழந்தையை அக்கா ஆசையாக வாரித் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் சேலை நனைந்துவிட்டது. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தை குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, "கோயில்ல வந்து இப்புடியா? தள்ளி நில்லு" என்றார்.

அக்கா அழவில்லை. "நானும் புள்ள பெத்தவதான் அத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரச் சேலையோடு பஸ் ஏறினாள்.

நேராகப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பேறுகாலத்தில் அடிவயிற்றுத் தசை தளர்ந்ததால் வருவது, எத்தனையோ தாய்மாருக்கு உண்டு, தசையை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தும் பயிற்சியைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்றாராம் டாக்டரம்மா. அந்தப் பயிற்சியை நர்சம்மா எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார். அடுத்த அறையில் படுத்திருந்த அக்காவை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை இருக்கும் தாயைப் பார்க்கத்தானே வந்தார்.

அந்த வருஷமே அக்கா கணவரோடு அரியலூருக்குத் தனிக்குடித்தனம் போனாள். பயிற்சியில் பாதி குணமானது. பிள்ளை பிறகு தங்கவில்லை. இன்றும் தும்மல் வந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள். மூத்தவள் குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் என் மகளின் சடங்குக்கு அக்கா வந்திருந்தாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்றோ என்னவோ, அத்தையே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை.

"வேணாம் அத்தே. இந்த வூட்டுல தண்ணி குடிக்காமலே பழகிப்போச்சு."