தஃபீதா விற்ற உப்பு மீன்

எங்கள் ஊரில் வசந்தத் திருநாளன்று ஃபஸீக் இல்லாத வீடு கிடையாது. மடவை மீனைக் கொஞ்சம் ஊத விட்டு, உப்பில் புதைத்து, பீப்பாயில் அடைத்துவைக்கும் பண்டம் அது. அதற்காக யாரும் மன்சூரா நகரம் வரை போகமாட்டார்கள், தஃபீதாவின் கடைக்குத்தான் போவார்கள். கணவர் இறந்தபின் கடையைத் தனியாளாக நடத்தியவள். கைச்சுத்தக்காரி என்று பெயர்.

அந்த வருஷம் குளிர் முடியும் சமயத்தில் அவளுக்குப் பித்தப்பை அறுவை நடந்தது. படுத்திருந்த நாட்களில் கொழுந்தன் கவாத் மீன் வாங்கி உப்பிட்டான். திருநாள் நெருங்கியபோது கடையில் கூட்டம் தள்ளியது. அவன் அடைத்த பீப்பாயைத் திறந்தாள். ஃபஸீக்குக்கு எப்போதும் ஒரு வாடை உண்டு, ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"என்ன ஹாஜ்ஜா, நின்னுக்கிட்டே தூங்குறியா? எங்க வீட்டுல வெங்காயம் நறுக்கியாச்சு!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவள் மீனை எடுத்துத் தராசில் போட்டாள்.

திருநாள் காலை, டெமியானா செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். பள்ளிக்கூட ஆசிரியர் ரம்ஸியின் மனைவி. பொறுக்க மாட்டாமல் முந்தின நாள், ஈஸ்டர் மதியமே, ரம்ஸி மீனைத் தின்றிருக்கிறார்.

"அவருக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம். கண்ணைத் தொறக்க முடியல. தண்ணிகூட எறங்கல. எங்க வாங்கினீங்கன்னு ஆஸ்பத்திரியில கேக்குறாங்க. உங்ககிட்டதானே வாங்கினோம்!"

தஃபீதா கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த மீனை எங்கடா வாங்கின?"

"குளத்துலதான் அண்ணி."

"உசிரோடவா?"

கவாத் பீப்பாய்ப் பக்கம் திரும்பினான். அவள் மறுபடி கேட்டாள்.

"மெதந்துது. நிறைய உப்புப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனைச்சேன்." உடனே அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "இதோ பாருங்க, வாத்தியார் வேற எங்கயோ தின்னுருப்பார்னு சொல்லிடுவோம். பீப்பாயை நான் வாய்க்கால்ல கவுத்துடுறேன். வெளிய தெரிஞ்சா நமக்கு ஜெயில்தான்."

"டாக்டருக்கு என்ன விஷம்னு தெரியலேன்னா அந்த மனுஷன் செத்துடுவான்டா!"

அவனை வெளியே தள்ளிக் கடையைப் பூட்டினாள். "ஓடும்மா, என் கடை மீன்னு சொல்லு. மறைக்காம சொல்லு," என்று டெமியானாவை அனுப்பிவிட்டு மசூதிக்கு நடந்தாள். தையல் பிரித்து அதிக நாளாகவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வழியெங்கும் பாயும் கூடையுமாக ஜனங்கள் திருநாள் சாப்பாட்டுக்கு வாய்க்கால் கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடைகளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மசூதி இமாம் ஷேக் பத்ராவி விஷயத்தைக் கேட்டுத் தாடியைத் தடவினார். "ஃபஸீக்கைத் தவிர்க்கவும்னு பொதுவா சொல்லிடுறேன். உன் பேரு எதுக்கு?"

"ஒவ்வொரு வருஷமும் சர்க்கார் பொதுவாத்தானே சொல்லுது, எவன் கேக்குறான்? என் பேரைச் சொல்லுங்க ஷேக். என் பேரைச் சொன்னாத்தான் கையில எடுத்ததைக் கீழ போடுவான்."

ஒலிபெருக்கி கரகரத்தபோது நாங்கள் கரையில் விரிப்பை விரித்துக்கொண்டிருந்தோம். "தஃபீதாவின் கடையில் வாங்கிய ஃபஸீக்கை யாரும் தொடவேண்டாம். அவளே சொல்லச் சொல்கிறாள். தின்றவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்." அப்பா கையிலிருந்த மீன் துண்டை உதறிய வேகத்தில் அது என் மடியில் வந்து விழுந்தது. அம்மா என் கைகளை விடாமல் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கரை முழுக்கக் கூச்சல். யார் தின்றது, யார் தின்னவில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் பிள்ளைகளை இழுத்து வாயை முகர்ந்து பார்த்தது.

சிலர் மீனோடு அவள் கடைக்குப் போய்க் கதவில் வீசியடித்தார்கள். அவள் வாசலிலேயே நின்றாள், விலகவில்லை. சுகாதார அதிகாரி வந்ததும் சாவியைக் கொடுத்தாள். பீப்பாய் அப்படியே சிக்கியது.

முன்பே தின்றிருந்த சிலருக்கு, தலைநகரிலிருந்து விஷமுறிவு மருந்து நேரத்தோடு வந்து சேர்ந்தது. வண்டிக்காரர் ஸக்லூல் மட்டும் விடியற்காலையிலேயே தின்றுவிட்டு வயலுக்குப் போயிருந்தார். ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத தூரம். சாயங்காலம் அவரைத் தூக்கிவந்தபோது மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. பிழைக்கவில்லை.

அரசு வழக்கறிஞர் அவளிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். "விக்கிறப்போ உனக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லும்படி அவளுடைய வக்கீல் கெஞ்சியிருந்தார். தெரியாமல் செய்தால் ஒரு தண்டனை, தெரிந்தே விற்றால் வேறு தண்டனை.

"வாடை வந்துச்சு," என்றாள் தஃபீதா. "கூட்டம் நின்னுது. வித்துட்டேன்."

வழக்கில் ரம்ஸியும் சாட்சி சொன்னார். பல வாரம் செயற்கை மூச்சில் கிடந்தவர், குரல் இன்னும் முழுசாக வரவில்லை. "இந்தம்மா சொல்லலேன்னா நான் இல்ல. இந்தம்மா விக்கலேன்னா எனக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. ரெண்டையும் எழுதிக்குங்க ஐயா."

நீதிபதி இரண்டையும் எழுதினார். அவளுக்கு மூன்றாண்டுச் சிறை. கவாத்துக்கு அதற்கு மேல். கடையின் உரிமம் ரத்து. தானே முன்வந்து ஊரை எச்சரித்ததால் தண்டனை குறைந்தது என்றும், ஒரு உயிர் போயிருப்பதால் இதற்குமேல் குறைக்க முடியாது என்றும் சொன்னார். ஸக்லூலின் மகள் நீதிமன்ற வாசலில் அவள் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். தஃபீதா தலைக்குட்டை முனையால் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

திரும்பி வந்தபின், மறு தெருவிலுள்ள துணிக்கடையில் பொத்தான் தைத்துக்கொடுக்கிறாள். ரம்ஸி அவ்வழியே போனால் சலாம் சொல்வார், டெமியானா இதுவரை சொன்னதில்லை. தஃபீதா அதைக் குறையாகப் பேசி நான் கேட்டதில்லை.