பைவியின் பிள்ளை வாசலில் தூங்கியது

என் கடையில் ஏலக்காயை முகர்ந்து பார்த்து வாங்குகிறவள் பைவி ஒருத்திதான். எங்கள் சனம் பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து வாங்கும். அவள் ஒரு காயை நகத்தால் கீறி, மூக்கருகில் வைத்து, கண்ணை மூடுவாள். பின்லாந்துக்காரிக்கு ஏலக்காய் எதற்கு என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். வாயை அடக்கத் தெரியாத பிறவி இந்தக் கமலராணி. பணிஸ் என்று நாங்கள் சொல்லும் இனிப்பு பன், அவர்கள் ஊரில் ஏலக்காய் போடாவிட்டால் பணிஸே இல்லையாம்.

அவள் பிறந்தது பின்லாந்தின் வடக்கே ஔலு என்ற நகரத்தில். பேக்கரி வேலை கற்றுக்கொண்டு பாரிசுக்கு வந்தவள், ஜெர்மேன் என்ற பிரெஞ்சுக்காரனோடு சேர்ந்து வாழ்ந்தாள். மகன் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியுமுன்னமே அந்தக் கோதாரியில் போவான் மார்செய்யில் வேலை கிடைத்ததென்று பையைத் தூக்கினான். போனவன் போனவன்தான். நானாக இருந்தால் தெருவே கேட்க ஒப்பாரி வைத்திருப்பேன். அவள் கட்டிலில் அவன் படுத்த பக்கத்தில் மாவு மூட்டையை வைத்தாள். பாரிசில் எங்கள் தமிழ்ச் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு வந்து, என் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒற்றை அறை எடுத்தாள். சுட்ட பணிஸைக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளையை வளர்த்தாள். என் கடையில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில்தான் அவளுடைய தட்டு. மத்தியானத்துக்குள் காலியாகிவிடும்.

எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்த ஒரு தை மாதத்தில்தான் வினை வந்தது. பல்லுக் கிட்டும் குளிரில் மகன் நீக்கிலாஸைக் கம்பளியால் சுற்றித் தள்ளுவண்டிலில் படுக்க வைத்து, வண்டிலை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். புரட்டாதியிலேயே பிள்ளையின் காதை மூடித் தொப்பி போடுகிற சனம் நாங்கள். பேசினேன், அப்படியொரு பேச்சு. அவள் சிரித்தாள். தன் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பனிக்குள்ளும் வாசலில்தான் பகல் தூக்கம் போடும், வெளிக்காற்றில் தூங்கினால்தான் நன்றாக வளரும் என்றாள். நம்பாமல் போய்த் தொட்டுப் பார்த்தேன். பிள்ளையின் கழுத்து கதகதவென்று இருந்தது.

எதிர்ப் புடவைக் கடையில் வேலை செய்யும் தர்மராசாவுக்கு இதெல்லாம் தெரியாது. வன்னியிலிருந்து வந்தவர். கடைசிச் சண்டையில், ஓடுகிற சனத்துக்கு நடுவே தனியே நின்று அழுத பிள்ளைகளைப் பார்த்த கண் அவருடையது. நான் உள்ளே திரும்பிய பிறகு, வாசலில் தள்ளுவண்டில் தனியே நிற்பதைக் கண்டிருக்கிறார். யாரோ பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று பதறிப் பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார். கடைக்குள் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதறின மனிசனுக்கு அந்தப் புத்தி எங்கே வரும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. அடுத்த கிழமை சோசியலிலிருந்து, அதுதான் பிள்ளைகள் நலன் பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து, ஆள் வந்து பார்க்கும், கவனிப்பில்லாத பிள்ளை என்று பட்டால் தாயிடமிருந்து எடுக்கவும் கூடும் என்று சொன்னார்கள். ஜெர்மேன் போனபோது அசையாத பைவி அன்றைக்குப் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவேயில்லை. சங்கதி அறிந்து தர்மராசா ஓடிவந்து தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். அவள் அவரைத் திட்டவில்லை. ஒரு பணிஸை எடுத்துக் கையில் கொடுத்தாள். மனிசன் அதைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார்.

சோசியலிலிருந்து வந்தவள் எமிலி என்ற இளம்பெண். அறை, பால், உடுப்பு எல்லாவற்றையும் பார்த்தாள்; குறை காணவில்லை. கடைசியில் என் கடை வாசலுக்கு வந்து நின்று ஒரேயொரு கேள்வி கேட்டாள். கார் து நோர் ரயில் நிலையத்துச் சனம் முழுக்கப் போய்வருகிற தெருவில், எந்த நம்பிக்கையில் பிள்ளையை வெளியே விட்டாய்? நான் வாயைத் திறக்கப் போனேன். பைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் சொன்னது பிரெஞ்சில். எங்கள் பாசையில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

“எங்கட ஊரிலயும் குளிரை நம்பிப் பிள்ளையை வெளியில விடுறேல்லை, சனத்தை நம்பித்தான் விடுறம். பாரிசில வேற இடங்களிலயும் இருந்திட்டன். அங்கையெல்லாம் என்ர பிள்ளை உள்ளுக்குத்தான் படுத்தவன். இஞ்சை அவன் கொஞ்ச நேரம் தனியக் கிடந்ததுக்கே ஒரு மனிசன் பதறிப்போய்ப் பொலிசைக் கூப்பிட்டிட்டார். இதை விட என்ன காவல் வேணும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காய மூட்டைப் பக்கம் திரும்பி நின்றேன்.

எமிலி தெருவைப் பார்த்தாள். எதிர்க் கடை வாசலில் தர்மராசா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கூப்பிட்டது இவரா என்று கேட்டாள். அவர் தெருவைக் கடந்து வந்து, தன் அரைகுறைப் பிரெஞ்சில் தான்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு தமிழில், “இனி நான் பாப்பன்” என்றார். அதை மொழிபெயர்த்தது நான், கொஞ்சம் உப்புப் புளி சேர்த்து. ஒரு பெரிய ஆளின் கண் எப்போதும் வண்டிலின் மேல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எமிலி விசாரணையை அத்தோடு முடித்தாள். போகும்போது பணிஸும் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தர்மராசா புடவை மடிக்கிற மேசையைக் கண்ணாடிப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். புடவை வாங்க வந்த பெண்கள், இந்த மனிசன் எங்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்று முதலாளியிடம் முறையிட்டார்கள்.

இப்போது நீக்கிலாஸுக்குப் பத்து வயது. என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தமிழ் தெரியும். பைவி பக்கத்து ரூ பஜோல் தெருவில் சொந்தமாகப் பேக்கரி வைத்திருக்கிறாள். பிள்ளையார் தேர் வரும் நாளில் முட்டை போடாத பணிஸ் சுட்டு, தேரோடு வருகிற சனத்துக்குச் சும்மாவே கொடுப்பாள்.

தர்மராசாவின் மனைவி நிருபாவும் விசா கிடைத்து வந்து சேர்ந்தாள். போன ஆவணியில் மகள் பிறந்தாள். அந்தச் சின்னது பகலில் கண் மூடாது; தாயும் தகப்பனும் அரை உயிராய்ப் போனார்கள். இந்தத் தையில் ஒருநாள், நான் பைவியின் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தர்மராசா தள்ளுவண்டிலோடு வாசலில் வந்து நின்றார். கம்பளிக்குள்ளிருந்து பிள்ளையின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

“பைவி, இவளை இஞ்சை விடட்டோ?”

“ஓம் அண்ணை, விடுங்கோ” என்றாள் பைவி, தமிழிலேயே.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. தர்மராசா உள்ளே வந்தார். பைவி வண்டிலில் கண்ணை வைத்தபடி கண்ணாடியோரம் நின்றாள். பிள்ளையைப் பார்த்தபடி உட்காரட்டும் என்று வாசலைப் பார்த்த கதிரையை நான் அவருக்கு இழுத்து விட்டேன். மனிசன் அதைத் திருப்பிப் போட்டார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, பணிஸைக் கோப்பியில் தோய்த்து ஆறுதலாகச் சாப்பிட்டார்.