ஊருக்கு ஊர் பெயர் மாறிய பெண்

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் எனக்கு எடை ஏறிவிட்டது. கைலாசபுரத்தில் தெரிந்தவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். ஒருநாள் கைப்பேசியில், 'ஸ்ரீரங்கம் சுமதி' என்ற பெண் மூலிகை மாத்திரையால் இளைத்ததாகப் படத்துடன் விளம்பரம் வந்தது. ஸ்ரீரங்கம் பக்கத்தில்தானே இருக்கிறது, நம்ம ஊர்ப் பெண்தானே என்று நம்பி, மாத்திரையை வரவழைத்துச் சாப்பிடத் தொடங்கினேன். பசி அடங்கியது, எடையும் இறங்கியது. ஆனால் ஒரு காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, பக்கத்தில் இருந்த அம்மாள் மேல் சாய்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் போனேன். அவர் மாத்திரை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூலிகைன்னு பெருசா போட்டிருக்கு. எந்த மூலிகைன்னு ஒரு பேர்கூட இல்லையேங்க! உடனே நிறுத்திடுங்க" என்றார்.

சேலத்தில் இருக்கும் தங்கையிடம் போனில் அழுதேன். "அக்கா, அதே படம் எனக்கும் வந்துச்சு. ஆனா 'சேலம் கீதா'ன்னுல்ல போட்டிருந்துச்சு!" என்றாள்.

மாத்திரையை நிறுத்திய பிறகு படபடப்பு மெல்ல அடங்கியது. தன் படம் இப்படி ஊர் ஊராகத் திரிவது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமோ, என்னவோ! இப்போது என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத எதையும் நான் வாங்குவதில்லை. எழுதியிருந்தாலும், டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடுவதில்லை.