விமலா கொலை செய்யவில்லை

வார்னிஷ் வாசம்...

மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றுகிற விரலில் அது ஏறிவிட்டால் எந்த சோப்புக்கும் போகாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் அதே வாசம். நான் படித்த தொடர்கதைப் பக்கங்களிலும் அதே வாசம்தான்.

எண்பதுகளின் நடுவில், ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன பெண் நான். கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். யாரிடமும் பேச மாட்டேன். சூப்பர்வைசர் என் பேரைக் கேட்டால்கூட பக்கத்து சீட் நூர்ஜஹான்தான் சொல்வாள்.

ஆனால் படிக்கச் சொன்னால் மட்டும் எனக்குக் குரல் வரும்.

லஞ்ச் டைமில் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாரப் பத்திரிகையில் வந்த ஒரு மர்மத் தொடரை சத்தமாகப் படிப்பேன். விமலா என்று ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண். அதிகம் பேசாதவள். லைன் கொடுக்கும்போது காதில் விழுந்த ஒரு குரலை வைத்து, ஊரே கும்பிடுகிற டாக்டர்தான் கொலைகாரன் என்று கண்டுபிடிப்பாள். படிக்கும்போதெல்லாம் அவளை எனக்குத் தெரியும் என்றே தோன்றும்...

கேட்பவர்களில் முதல் ஆள் கௌரம்மா அக்கா. வீட்டில் கன்னடம். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. மத்தியானம் கேட்டதை சாயங்காலம் மாமியாருக்குக் கன்னடத்தில் சொல்வார். மாமியார் வழியாக அது வீதி முழுக்கப் போகும். வாரா வாரம் பாதி ஓசூர் எங்களுக்காகக் காத்திருக்கிற மாதிரி ஒரு பெருமை.

அந்தக் கதையைப் படமாக எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு செக்‌ஷனே கிளம்பிப் போனோம். கதை தெரியும் என்கிற தெம்பில் நூர்ஜஹான் பின்சீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். டாக்டரைக் காட்டியதும் விசில் பறந்தது. ஹீரோவே அவர்தான்.

கடைசி ரீலில் டாக்டர் ஒரு கதவைத் திறக்கிறார். உள்ளே கையில் கத்தியோடு... விமலா.

தியேட்டரே கை தட்டியது. ஹீரோ கொலைகாரனாக இருக்கக் கூடாது என்பதற்காக, கண்டுபிடித்தவளையே கொலைகாரி ஆக்கிவிட்டார்கள்! போலீஸ் வேனில் ஏறும்போதுகூட அவளுக்கு ஒரு வார்த்தை வசனம் இல்லை.

திரும்பும்போது நூர்ஜஹான், "இனிமே உன் பக்கத்துல உக்கார பயமா இருக்குதுடி. சத்தமில்லாத ஆளுங்கதான் கத்தி எடுக்கறாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கௌரம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ரெண்டு நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பாப்பா, நிஜம் சொல்லு. எனக்குப் பொய்யாவா படிச்சுக் காட்டின?"

வீதியே படம் பார்த்துவிட்டதாம். மாமியாரும். கதை சொன்ன வாயே பொய் என்றால், ஓவர்டைம் என்று லேட்டாக வருவதும் பொய்தானே, நீ ஃபேக்டரிக்குத்தான் போகிறாயா என்று மாமியார் கேட்டிருக்கிறார். இந்த மாசத்தோடு வேலையை நிறுத்து என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டாராம்.

ஒரு சினிமாவின் கடைசி ரீல் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாமியார் முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். சினிமாத் தமிழ் அவர்களுக்குப் புரியும், புத்தகத் தமிழ் புரியாது. நான் ஒரு வரி படிக்க, அக்கா கன்னடத்தில் சொல்ல... டாக்டர் மாட்டிக்கொள்கிற கடைசி அத்தியாயம் முழுக்கப் படித்தேன்.

முடித்ததும் மாமியார் நிதானமாக ஒன்று சொன்னார். அப்படியானால் புத்தகத்தில்தான் தப்பாக அச்சடித்துவிட்டார்கள். லட்ச லட்சமாகக் கொட்டிப் படம் எடுக்கிறவன் விசாரிக்காமலா எடுப்பான்?

எல்லாரும் தலையாட்டினார்கள்.

அச்சில் இருக்கிறது, கண் முன்னால் படித்தாகிவிட்டது, அப்புறமும்...

எப்படி எழுந்து நின்றேன் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், "அவளு கொல்லலில்ல" என்றேன். வீதிக்கே கேட்டிருக்கும். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

மாமியார் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் கௌரம்மா அக்காவிடம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீ வேலைக்குப் போ. புஸ்தகம்தான் பொய்."

அவ்வளவுதான் தீர்ப்பு. அக்கா திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸிலேயே வேலைக்கு வந்துவிட்டார். விமலாவுக்கு மட்டும் கடைசி வரை விடுதலை கிடைக்கவில்லை.

இப்போது ஒரு நாவல் படமானால் இன்டர்வெலிலேயே ரிவ்யூ போடுகிறார்கள். எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று வீடியோவே வருகிறது. என் பெண் அதையெல்லாம் பார்த்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று சோபாவில் படுத்தபடியே முடிவு செய்கிறாள். நல்லதுதான். ஆனால் கதையில் வந்த ஒருத்திக்காக யார் வீட்டு வாசலிலாவது நின்று அழ, இன்றைக்கு யாருக்கு நேரமிருக்கிறது?

போன வாரம் டிவியில் அந்தப் படம் போட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விமலா தனக்குள்ளே லேசாகச் சிரிக்கிற ஒரு சீன் வரும்.

அதோடு டிவியை ஆஃப் பண்ணிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.